உடன்படிக்கை முடிந்த நாளில் வந்த தண்ணீர்



தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு மீண்டும் மீண்டும் செய்வது கிணறு தோண்டுவதுதான். தந்தை ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். அவற்றை மறுபடி தோண்டுகிறார். ஊற்று கிடைத்ததும் கெரார் மேய்ப்பர்கள் தண்ணீர் தங்களுடையது என்று சண்டைக்கு வருகிறார்கள். வேறொன்று தோண்டுகிறார், அதற்கும் சண்டை. தள்ளிப்போய் இன்னொன்று தோண்டிய பிறகே தகராறு ஓய்கிறது.

நம் கிணறுகளை எந்தப் பெலிஸ்தியனும் மூடவில்லை. கண்மாய்க்கு வரும் கால்வாயை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டதும், பக்கத்துக்காரன் போர்வெல்லைவிட ஆழமாக நம்முடையதை இறக்கியதும் நாம்தான். ஈசாக்கைப் போல வேறிடம் போகலாம் என்றால், நமக்கு வேறிடமும் இல்லை.

1948இல் சுவிட்சர்லாந்திலிருந்து இந்தியா வந்த இயேசு சபைக் குரு ஹெர்மன் பாக்கர், மகாராஷ்டிரத்தின் அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில் நெடுங்காலம் உழைத்தார். மழைமறைவுப் பகுதி அது. பெய்கிற கொஞ்ச மழையும் மொட்டைக் குன்றுகளில் மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். ஜெர்மனியின் உதவியோடும் நபார்டு வங்கியின் துணையோடும் 1990களில் அங்கே பரவிய நீர்வடிப்பகுதிப் பணிக்கு அவர்தான் முன்னோடி. வேலை குன்றின் உச்சியில் தொடங்கும். சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் குழிகள், மரக்கன்றுகள். பிறகு வயல்களில் வரப்பு. ஓடையில் தடுப்பணை கடைசியில்தான். முதலிலேயே தடுப்பணை கட்டினால் மேட்டு மண் வந்து அதை நிரப்பிவிடும். (நம் ஊர்களில் தடுப்பணைக்குத்தான் முதலில் கல்வெட்டு வைக்கிறோம்!)

பணம் சும்மா வரவில்லை. மரம் வெட்டக் கூடாது, கால்நடைகளை அவிழ்த்துவிட்டு மேய்க்கக் கூடாது, ஒரு பங்கு வேலையைச் சிரமதானமாகச் செய்ய வேண்டும் என்று ஊர் கூடி ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். மேய்ச்சலுக்குத் தடை போட்டால் முதலில் இழப்பவர் யார்? சொந்த நிலமில்லாமல் குன்றை நம்பி ஆடு வளர்ப்பவர். குன்றில் இறங்கும் நீரால் முதலில் பயன் பெறுபவர் யார்? பள்ளத்தில் கிணறு வைத்திருப்பவர். ஏழையின் ஆட்டை விற்கவைத்துப் பணக்காரனின் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சினால், குன்று பச்சையானாலும் ஆண்டவர் முன் அது அநீதிதான்.

அதே மாவட்டத்தின் ஹிவ்ரே பஜார் கிராமத்தார், கிடைத்த நீர் சிலருக்கே போய்விடும் ஆபத்தை உணர்ந்தவர்கள். பாசனத்துக்கு போர்வெல் கூடாது, கரும்பு கூடாது என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். அந்தந்த ஆண்டு மழையைக் கணக்கிட்டு, எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் என்று ஊர் கூடி முடிவு செய்கிறார்கள்.

ஈசாக்கின் கிணற்றுக் கதை முடிவதும் இப்படி ஓர் உடன்படிக்கையில்தான். முன்பு தன் ஊரைவிட்டு அவரைத் துரத்திய அபிமெலக்கு மன்னனே தேடி வருகிறான். விருந்து நடக்கிறது, மறுநாள் ஆணையிட்டுச் சமாதானமாகப் பிரிகிறார்கள். தண்ணீர் கண்டோம் என்று வேலையாட்கள் ஓடிவந்து சொன்னதும் அதே நாளில்தான்.

ஆகவே கால்வாயைத் தூர்வார ஜேசிபிக்குச் சொல்லும் முன் கடைமடைக்காரரையும் ஆடு மேய்ப்பவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுபவர்களானாலும் சரி. கால்வாயில் யார் யார் இடம் பிடித்திருக்கிறோம் என்று ஊருக்கே தெரியும். பீடத்தில் நின்று நான் பெயர் சொல்ல மாட்டேன். பிடித்தவர்களே முதலில் எழுந்து, விட்டுத்தருகிறோம் என்று சொல்லுங்கள்.