தடுக்கப்பட்ட காடு

கண்டி மாநகரிலே தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் மலைமுகட்டில் உடவத்தகெலே என்னும் காடு அமைந்துள்ளது. அரண்மனைக்கு மேலேயிருந்த தோட்டத்தைச் சுட்டிய பெயர் அது. ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்புடைய அக்காட்டுக்குள் நுழைவுச்சீட்டுப் பெற்றுச் சிறிது தூரம் நடந்தால் நகரின் இரைச்சல் தேய்ந்துவிடும். கொடிகள் பின்னிய பெருமரங்களும் குரங்குக் கூட்டங்களும் பழைய அரச குளமும் காண்போர் நெஞ்சை அமைதியுறச் செய்வன. பேராதனையிற் பயிலும் மாணவர் பலர் ஞாயிறு மாலையொன்றையேனும் அங்குக் கழித்திருப்பர்.

அவ்வாறு செல்வோருள் முல்லைத்தீவு மாணவன் ஒருவனும் இருப்பானாயின், அவனுக்கு முதலில் தோன்றுவது வியப்பன்று, சிரிப்பாகவே இருத்தல் கூடும். காட்டைக் காண்பதற்குக் காசு கொடுப்பதா? அவனுடைய ஊரிலே காடு காணப்படும் பொருளன்று. வேலிக்குக் கம்பும் அடுப்புக்கு விறகும் பருவத்திலே பாலைப்பழமும் தேனும் தருவது அது. யானையாக வந்து ஓரிரவில் வயலை அழிப்பதும் அதுவே. அதனோடு உறவுண்டு, பகையுமுண்டு. ரசனை என்று தனியே ஒன்றில்லை.

எனினும் அச்சிரிப்பு அவசரமானது. தடையொன்று இல்லாதிருந்தால் உடவத்தகெலே இன்று இராது. கண்டியரசர் காலத்தில் அது பொதுமக்கள் புகலாகாத காடு. 1815இல் அரசு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் 1856இல் அதனை ஒதுக்குக்காடாக்கினர். 1938இல் அது சரணாலயமாயிற்று. இன்று அங்குள்ள நடைபாதைகள் ஹோட்டன், டொரிங்டன், கோர்டன் முதலிய தேசாதிபதிகளின் மனைவியர் பெயரைத் தாங்குகின்றன. விறகின்றித் திரும்பியவள் எவளுடைய பெயரும் எப்பாதைக்கும் இடப்படவில்லை. அரசனின் தன்னலத்திலே தோன்றிய தடையின் பயனை இன்று யாவரும் நுகர்கின்றனர். பயன் நன்றாயின் தடையும் நன்றாகுமா என்பதே இங்கு எழும் அறவினா.

இவ்வினாவுக்குத் தடையை மட்டும் நோக்கி விடை காணல் இயலாது. அதன் சுமையைத் தாங்குவோர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். கண்டி போன்ற நெருக்கமான மலைநகரிலே 104 ஹெக்டேயர் நிலத்தை வீடும் கடையும் ஆக்காது விட்டுவைத்தல் சிறிய துறவன்று. ஆயினும் இன்று அதனைத் துறப்போரும் அங்கே உலாவி மகிழ்வோரும் பெரும்பாலும் ஒரே நகரத்தவர். தானே மேற்கொண்டால் அது நோன்பு. பிறனை மேற்கொள்ளச் செய்தால் அதன் பெயர் பட்டினி.

இவ்வேறுபாட்டோடு வன்னியை நோக்குக. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2017இல் நந்திக்கடலும் நாயாறும் வர்த்தமானி மூலம் இயற்கை ஒதுக்கிடங்களாயின. நோக்கத்திற் குறை காண்பதற்கில்லை. பூநாரைக்கும் புகலிடம் வேண்டும். ஆனால் அக்கடனீரேரிகளின் கரைகளில் வாழ்வோர், 2009இல் உயிரொன்றைத் தவிர யாவற்றையும் இழந்து நீங்கி, பின்னர் மீண்டு இறால் வலையோடும் ஏரோடும் வாழ்வைத் தொடங்கியவர்கள். வன்னியின் பல இடங்களில் மீண்டவர் தம் காணியைத் தேடியபோது அங்கே காடு நின்றது. காடு நிற்பதால் அது வனநிலம் என்றனர் அதிகாரிகள். உரியவன் முகாமில் இருந்த காலத்தில் முளைத்த மரமே அவனுக்கெதிரான சாட்சியாயிற்று.

இதனாற் காட்டோர் யாவரும் காட்டின் காவலர் என்று கூறிவிடலாகாது. முதிரையும் பாலையும் இரவோடிரவாக வெட்டப்படுவதில் ஊரவர் கையும் உண்டு, ஊதியத்தின் பெரும்பங்கு வேறெங்கோ சென்றபோதிலும். ஆதலின் வன்னிக்குத் தடையே வேண்டாம் என்பது வாதமன்று.

முல்லைத் திணைக்குக் கருப்பொருள் கூறிய இலக்கண மரபு மரம், விலங்கு, பறவை என்பவற்றோடு உணவையும் தொழிலையும் சேர்த்தெண்ணியமை ஈண்டு நினைவுகூரத் தக்கது. இலக்கண நூலைக் காணிச் சட்டமாகக் கொள்ளல் இயலாதுதான். ஆயினும் மாந்தரை நீக்கிய காடே முழுமையான காடு என்னும் எண்ணம் அம்மரபுக்கு அந்நியமானது என்பது அதனாற் புலனாகும். உடவத்தகெலேயைக் கண்டு பழகிய கண், எல்லாக் காடும் அவ்வாறே வெறிதாய் இருத்தல் வேண்டும் என எளிதில் நம்பிவிடுகின்றது.

வன்னிப் பற்றைக்காடுகளுள் இடிந்த கிணற்றுக்கட்டும் வயல்வரம்பும் வரிசையாய் நட்ட தென்னையும் இன்றும் காணக் கிடைக்கின்றன. இடப்பெயர்விற் காணியுறுதியைத் தொலைத்தவர்க்கு அவையன்றி வேறு சான்றில்லை. எல்லைக்கல் நடுவதற்குமுன் ஊர் முதியோரோடு அவ்வழியே நடந்து அவற்றைப் பார்ப்பதற்குச் சில நாட்களே செல்லும்.