எதிரியின் கல்லறை

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, "சேர், ஹிட்லருக்காகச் செத்தவர்களுக்கு அந்நிய நாட்டில் எதற்குக் கல்லறை?" என்றான். இத்தாலியில் கார்தா ஏரிக்கு அருகேயுள்ள கொஸ்தர்மானோவில் 1967இல் திறக்கப்பட்ட ஜேர்மன் போர்க் கல்லறையைப் பற்றி அப்பொழுதுதான் கூறியிருந்தேன். ஏறத்தாழ 22,000 பேர் அங்கே கிடக்கின்றனர்.

ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் இழுத்துவரப்பட்ட இளைஞரே அவருட் பலர். போரைத் தொடங்கியோர் வேறு, மாண்டோர் வேறு. இவ்வாறு விடை கூறித் தப்பியிருக்கலாம். ஆனால் கிறிஸ்தியான் விர்த்தும் அங்கேதான் கிடக்கிறான். அவன் பெல்செக் கொலைமுகாமின் முதல் தளபதி. யூதரை இலட்சக்கணக்கில் நச்சுவாயுவாற் கொன்ற ஏற்பாட்டை நடத்தியவன். 1980களின் பிற்பகுதியில் மிலானிலிருந்த ஜேர்மன் கொன்சல் ஜெனரல் இதன் பொருட்டே அங்கு அஞ்சலி செலுத்த மறுத்தார். அம்மறுப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் விர்த்தின் எலும்பைத் தோண்டி எறியச் சொல்லேன். புதைப்பது ஒன்று, போற்றுவது மற்றொன்று.

நம் முன்னோரின் நடுகல் ஆநிரை கவர்ந்து பட்டவனுக்கும் எழுந்தது, மீட்டுப் பட்டவனுக்கும் எழுந்தது. எந்தப் பூசலில் பட்டான் என்பதையும் பல கற்கள் சொல்லின. கொஸ்தர்மானோவில் பெயருண்டு; செயலில்லை. குறை அதுவே.

மாணவன் விடவில்லை. "அப்படியென்றால் கோப்பாய்?"

கோப்பாய்த் துயிலுமில்லத்தில் விடுதலைப் புலிகளின் போராளிகள் புதைக்கப்பட்டிருந்தனர். 2009இல் யுத்தம் முடிந்தபின் அது தரைமட்டமாக்கப்பட்டது. அந்நிலத்திலே 2011இல் இராணுவத்தின் 51ஆம் படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. புலிகளின் கொலைகளை நான் மறைப்பவனல்லன். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரைச் சுட்டதை எந்த விடுதலையின் பெயராலும் கழுவ முடியாது. அதையும் கல்லில் எழுதட்டும், கல்லைப் பெயர்ப்பானேன்? 1971இலும் 1987–89இலும் கொன்றொழிக்கப்பட்ட சிங்கள இளைஞர் பலரின் தாய்மாருக்கும் காட்டுவதற்கு ஒரு கல்லில்லை. கொன்றவன் ஆட்சியிலிருந்தால் பிணமும் அவன் உடைமை ஆகிவிடுகிறது போலும்!

உடல் கிடைக்காத துயரத்தைச் சிலாபத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில், கரையையே பார்த்திருக்கும் பெண்களை அவர்கள் அறிவர். கடல் அறியாது செய்வதை அரசு அறிந்தே செய்கிறது.

தலைமையகம் வந்த பின்னரும், கார்த்திகை 27இல், கோப்பாயில் அதன் எதிரே தாய்மார் விளக்கேற்றினர். மகன் புதைந்த மண் வேலிக்கு அப்பால் இருந்தது.