மறைத்த ஒட்டும் மனத்து முள்ளும்

ஒரு பிழையைச் செய்துவிட்டோம். பின்னர் நாமே அதனை உணர்ந்து, எவரும் அறியாவண்ணம் திருத்தியும் விட்டோம். அதன் பிறகும் அதை வாய்திறந்து சொல்ல வேண்டுமா? திருத்தியதே போதாதா? இக்கேள்வியை என்னிடம் கேட்டவர் சாஸ்திரம் கற்ற பண்டிதர் அல்லர். பழைய கார் ஒன்றைப் பழுதுபார்த்து, கையெல்லாம் கரியாக எழுந்து வந்த என் மருமகன்.

சென்ற ஆண்டு இங்கிலாந்தில் மகள் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். மருமகனிடம் 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, மேல்மூடி திறக்கும் கார். ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை இவ்வகைக் கார்கள் 5 லட்சத்துக்கும் மேல் உருவாயின. ஆலை மூடப்பட்டு 40 ஆண்டுகள் கடந்த பின்னும் பலர் அவற்றைப் பேணிவருகின்றனர்.

அக்காரை விற்க மருமகன் முடிவு செய்திருந்தார். விலையும் பேசியாயிற்று. ஒரு குறை மட்டும் இருந்தது. இடப்பக்கம் திரும்புவதற்குரிய விளக்கைப் போட்டால், பின்புறத்துச் சிவப்பு விளக்கும் உடன்சேர்ந்து மங்கலாகச் சிமிட்டியது. ஒப்படைப்பதற்கு முன் அதனைச் சரிசெய்ய முற்பட்டார். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்து, கைவிளக்கைப் பிடித்துக் கொண்டிருந்தேன்.

அக்காலத்து ஆங்கிலக் கார்களில் ஒவ்வொரு கம்பிக்கும் நிறமே பெயர். பழுப்பு, ஃபியூஸ் இன்றி பாட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பிய பின் மின்சாரம் பெறுவது. பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது. சிவப்பு, முன்னும் பின்னும் உள்ள சிறு விளக்குகளுக்குரியது. கறுப்பு, வண்டியின் இரும்பு உடலோடு சேர்வது. விளக்குக்குச் சென்ற மின்சாரம் அந்த இரும்பு உடலின் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. இதனை எர்த் என்பர். அந்த இணைப்பில் துரு ஏறிவிட்டால், மின்சாரம் தன் வழியை விட்டு அண்டை விளக்கின் வழியே திரும்ப முயலும். சிவப்பு விளக்கு சிமிட்டியதற்கு அதுவே காரணம்.

துருவைச் சுரண்டினால் தீர்ந்திருக்கும் குறை அது. ஆயினும், முன்பு அக்காரை வைத்திருந்த எவரோ காரணத்தைத் தேடாமல், பச்சைக் கம்பியை இடையில் வெட்டிச் சிவப்புக் கம்பியை முறுக்கி இணைத்து, டேப் சுற்றி மறைத்திருந்தார். நிறமே பொய் உரைத்தால் பின்னால் வருபவர் எதனை நம்புவார்?

இன்னொன்றும் நிகழ்ந்திருந்தது. 1967-ஆம் ஆண்டு வரை இவ்வகைக் கார்களில் பாட்டரியின் நேர்முனையே எர்த்துடன் இணைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்து ரேடியோவைப் பொருத்துவதற்காக யாரோ அதனை எதிர்முனைக்கு மாற்றியிருந்தார். முறையாகவே மாற்றியிருந்தார், ஆனால் எங்கும் எழுதி வைக்கவில்லை. மருமகன் பழைய கையேட்டை நம்பி ஒரு கருவியை இணைத்தார், அது எரிந்துபோயிற்று. செய்தது சரியான வேலை. சொல்லாமல் விட்டதால் அதுவும் கேடாயிற்று.

"யார் இந்தப் பாவி?" என்று கடிந்துகொண்டே அவர் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். திடீரென்று பேச்சு நின்றது. பச்சைக் கம்பிக்குரிய ஃபியூஸின் மேல் சாக்லேட்டின் வெள்ளித்தாள் சுற்றப்பட்டிருந்தது. சற்று நேரம் கழித்து, "அத்தை, இதைச் செய்தவன் நான்தான்" என்றார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில், பாதி வழியில் ஃபியூஸ் போய், கண்ணாடி துடைப்பான் நின்றுவிட்டதாம். மாற்று ஃபியூஸ் இல்லை. வெள்ளித்தாளைச் சுற்றி வீடு வந்து சேர்ந்தார். நாளை மாற்றிவிடலாம் என்று எண்ணியவர் மறந்தே போனார். ஃபியூஸ் என்பது தான் அறுந்து வண்டியைக் காப்பது. அதனை அறாதபடி செய்துவிட்டால், பழுது நேரும்போது கம்பியே சுடத் தொடங்கும். பச்சைக் கம்பியைத் தொடர்ந்து சென்று பார்த்தோம். ஓரிடத்தில் மேலுறை உருகிக் கருகியிருந்தது. அந்தக் காரில்தான் நான்காண்டுகளாக என் பேத்தி அவரருகே அமர்ந்து சென்றிருக்கிறாள்.

தீ எழவில்லை, எவருக்கும் தீங்கு நேரவில்லை. எனினும் விழிப்பின்மையாகிய பிரமாதமே ஹிம்சைக்கு வேர் என்பது நம் ஆசாரியர்களின் கொள்கை. அது அன்று எனக்கு ஏட்டுக் கருத்தாகத் தோன்றவில்லை.

மருமகன் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பின்பு ஒவ்வோர் ஒட்டாகப் பிரித்து, கருகியதை நீக்கி, உரிய நிறக் கம்பியையே இட்டு, துருவைத் தேய்த்து, மீட்டர் வைத்துச் சோதித்தார். புதிய வினை வாராமல் தடுக்கும் செறிப்பு, பழவினையைக் களையும் உதிர்ப்பு என்று வகுப்பில் சொல்வோமே, அந்த முறையிலேயே வேலை நடந்தது. மூன்றாம் நாள் மாலை எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன.

அப்போதுதான் அவர் கேட்டார்: "அத்தை, இப்போது குறை எதுவும் இல்லை. வெள்ளித்தாள் விஷயத்தை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் விலையைக் குறைப்பார். என்னையும் தாழ்வாக நினைப்பார். இல்லாத குறையைச் சொல்வதால் யாருக்கு நன்மை?"

நியாயமான கேள்வி. உடனே என்னால் விடையளிக்க இயலவில்லை. என் மனத்தில் வேறொரு முகம் வந்து நின்றது.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், கணக்கு விடைத்தாள் ஒன்றின் மதிப்பெண்களைத் தவறாகக் கூட்டிவிட்டேன். தேறியிருக்க வேண்டிய மாணவி தவறினாள். சில வாரங்கள் கழித்தே பிழை என் கண்ணில் பட்டது. பதிவேட்டில் எண்ணைத் திருத்தினேன். அடுத்த வகுப்புக்கும் அவளை அனுப்பினேன். தவறு என்னுடையது என்று மட்டும் அவளிடம் கூறவில்லை. ஆசிரியை என்னும் மதிப்புக் குறையுமே என்ற அச்சம். தனக்குக் கணக்கு வராது என்றே அவள் நம்பிவிட்டாள். அதன் பின் கணக்கு வேளையில் அவள் கை உயர்த்தி நான் கண்டதில்லை. ஏட்டில் எண் சரியாயிற்று. அவள் உள்ளத்தில் நான் இட்ட தவறான கூட்டல் அப்படியே நின்றது.

மறைத்துச் செய்யும் திருத்தத்தின் குறை இதுவே. பொருள் சரியாகிறது, பிழையை மெய்யென்று நம்பியவர் சரியாவதில்லை. நாம் சொல்லாது விட்டதை அவர் தம் அறியாமையால் சுமக்கிறார். பிழை நம்முடையது, சுமை அவருடையது என்றாகிறது.

விரதம் பூண்டவர் நீக்க வேண்டிய முட்கள் மூன்று என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்திற்கு உரை கண்டோர் விளக்குவர். வஞ்சனையாகிய மாயை, பொய்க்காட்சியாகிய மித்யாத்துவம், மறுமைப் பயனை விழையும் நிதானம் என்பன அவை. சல்யம் என்னும் சொல்லுக்கு உடலில் தைத்து உள்ளே தங்கிய முள் என்பது பொருள். மேல்தோல் ஆறிவிடும், உள்ளே முள் இருக்கும். டேப் சுற்றிய ஒட்டும் அத்தகையதே. இதனாலன்றோ நம் முன்னோர் பிரதிக்கிரமணத்தோடு ஆலோசனையையும் விதித்தனர்! வருந்துவதோடு நில்லாமல், செய்ததைச் செய்தவாறே குருவின் முன் எடுத்துரைக்கச் சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் நான் மருமகனுக்கு உபதேசிக்கவில்லை. அந்த மாணவியின் கதையை மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். அன்றிரவு இரண்டு தாள்களில் எழுதினார்: எந்தக் கம்பி மாற்றப்பட்டது, பாட்டரியின் எந்த முனை இப்போது எர்த்தில் உள்ளது, வெள்ளித்தாள் சுற்றியது யார், எவ்வளவு காலம் அது இருந்தது, இன்னும் பிரித்துப் பாராத ஒட்டுகள் எவை. வாங்குபவர் அதனைப் பொறுமையாகப் படித்தார். விலையில் ஒரு பகுதியைக் குறைக்கக் கேட்டார், மருமகன் இசைந்தார். அத்தாள்களை மடித்து, காரின் கையேட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் வண்டியை ஓட்டிச் சென்றார்.

மருமகனுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. என் மாணவி இன்று எங்கு இருக்கிறாள் என்பதை நான் அறியேன். ஐம்பது ஆண்டுகளாக நாளை, நாளை என்று தள்ளிய குற்றம் என்னுடையது. இப்பக்கத்தில் அதனை எழுதுவதே இனி எனக்கு இயன்ற ஆலோசனை. உங்களுள் எவருக்கேனும் அவ்வாறு திருத்தி மறைத்த பிழை ஒன்று இருந்து, அதனைக் கேட்க வேண்டியவரும் அருகில் இருப்பாராயின், இன்றே சென்று சொல்லுங்கள்.

வாழ்க அறம்!