திரும்பி வராத ஒன்பது பேர்





வெள்ளம் வந்தால் சாப்பாட்டுப் பொட்டலம். கிறிஸ்துமஸ் வந்தால் புடவை, வேட்டி. பள்ளிக்கூடம் திறந்தால் பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம். இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் அநேக சபைகள் இவைகளைச் செய்து வருகின்றன. கர்த்தருக்கே மகிமை! ஆனால் அண்டாவெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு யாராவது ஒரு சகோதரர் மெதுவாகக் கேட்பார்: "இவ்வளவு பேருக்குக் கொடுத்தோமே பிரதர், அதுல எத்தனை பேர் சபைக்கு வந்தாங்க?"

இது கெட்ட எண்ணத்தில் பிறந்த கேள்வி அல்ல. ஆத்தும பாரம் உள்ளவர்தான் இப்படிக் கேட்பார். ஆனாலும் இந்தக் கேள்வியை எப்போது கேட்கிறோம் என்பதில்தான் காரியமே இருக்கிறது. கொடுத்த பிறகு கேட்டால் அது ஏக்கம். கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் அது வியாபாரம். தேவ ஜனமே, நம்முடைய உதவியில் எது இருக்கிறது? இதைத்தான் இந்த மாதம் சேர்ந்து சிந்திப்போம்.

பத்துக்கு ஒன்று

லூக்கா 17-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் குஷ்டரோகிகள் தூரத்திலே நின்று ஆண்டவரைக் கூப்பிட்டார்கள். பத்துப் பேருக்கும் சுகம் கிடைத்தது. நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவனும் அந்நியனாகிய சமாரியன். நம்முடைய கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கணக்கை வாசித்தால் என்ன சொல்லுவோம்? "பிரயோஜனமில்லை, அடுத்த வருஷம் நிறுத்திடலாம்" என்றுதானே!

மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று ஆண்டவரே கேட்டார். ஆனபடியால் ஏக்கம் பாவம் அல்ல. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பி வந்ததாக வேதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. யார் திரும்புவான், யார் திரும்பமாட்டான் என்பது அவருக்கு முன்னமே தெரியாதா? தெரிந்தும் பத்துப் பேரையும் சுகமாக்கினார்.

அதே லூக்கா 22-இல் தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தில் ஒருவனுடைய வெட்டுண்ட காதையும் தொட்டுச் சுகமாக்கினார். அவன் பிற்பாடு விசுவாசியானானா? வேதம் அதைச் சொல்லவே இல்லை. யோவான் 5-இல் 38 வருஷமாய்ப் படுத்துக்கிடந்தவனைப் பாருங்கள். எழுந்து நடந்த பிறகும் தன்னைச் சுகமாக்கினவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. முதலில் சுகம், பிறகுதான் அறிமுகம். ஆண்டவருடைய வரிசை அது. நாம் ஏன் அதைத் தலைகீழாக்க வேண்டும்?

பசித்தவன் சொல்லுகிற "ஆமா"

"அப்படின்னா சுவிசேஷமே சொல்லாம சும்மா கொடுத்துட்டு வரணுமா? அதுக்கு லயன்ஸ் கிளப் போதுமே, சபை எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுவிசேஷம் நமக்கு வெட்கமல்ல. "ஏன் இதைச் செய்யறீங்க?" என்று ஒருவர் கேட்டால் சந்தோஷமாய்ச் சொல்லுங்கள். நம்முடைய நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தமாய்ப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படிதான் பேதுருவும் எழுதியிருக்கிறார். கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்.

ஆனால் அரிசிக்காக வரிசையில் நிற்கிறவரிடத்தில், பை கையில் சேருவதற்கு முன்னால், "ஏத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? வீட்டில் பிள்ளைகள் பசியோடே இருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் "ஆமா"தான். அது விசுவாசம் அல்ல, பசி. அஞ்சு கிலோ அரிசிக்கு வாங்கின "ஆமா"வைப் பத்துக் கிலோ கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவார்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. "கோதுமைக்கும் பால் பவுடருக்கும் வேதத்துக்குப் போனவங்க" என்ற பழிச்சொல்லை நம்மில் அநேகருடைய தாத்தா, பாட்டி காதால் கேட்டிருக்கிறார்கள். கண்ணீரோடே மெய்யாய் விசுவாசித்தவர்களும் அந்தப் பேச்சைச் சுமந்தார்கள். இன்றைக்கு நாம் நிபந்தனையோடே கொடுக்கிற ஒவ்வொரு பையும் அந்தப் பழிச்சொல்லுக்கு மறுபடியும் உயிர் கொடுக்கிறது. மெய்யாய் மனந்திரும்பின ஒரு சகோதரியின் சாட்சியைக்கூட அக்கம்பக்கத்தார் சந்தேகிப்பார்கள்.

நம்முடைய கரை கற்றுக்கொடுத்தது

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நாடெங்குமிருந்து உதவி வந்தது. நாகப்பட்டினம் பக்கத்தில் பழைய துணிகள் மூட்டை மூட்டையாய்ச் சாலையோரத்தில் குவிந்து கிடந்தன, எடுப்பார் இல்லை. உடைமையெல்லாம் கடலுக்குக் கொடுத்தவர்களும் அதைத் தொடவில்லை. ஏன்? கொடுத்தவர்களில் அநேகர் தங்கள் பீரோவைக் காலி பண்ணினார்கள், எதிரே நிற்கிறவருக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை. வாங்குகிறவருக்கும் மானம் உண்டு, பிரியமானவர்களே!

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் எண்ணெய் கறுப்புக் களியாய் வந்து ஒதுங்கினது. மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியைக் கையில் பிடித்து அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடே மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவினது. படகும் வலையும் கறுத்துப்போயின, மீன் வாங்க ஆளில்லை. அதே டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது ஜனங்கள் கைக்குழந்தைகளோடே வீட்டைவிட்டு ஓடினார்கள்.

அப்படிப்பட்ட ராத்திரியில் சபையின் கதவைத் தட்டுகிறவரிடம் "நீங்க எந்தச் சபை?" என்று யாராவது கேட்பார்களா? மூச்சுத் திணறுகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம். ஆபத்து நாளில் நமக்கு இயல்பாய் வருகிற இந்தப் புத்தி சாதாரண நாளில் ஏன் மங்கிப்போகிறது?

நம்முடைய இராயபுரத்திலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. 1888-இல் ஸ்காட்லாந்திலிருந்து மெட்ராசுக்கு வந்த மெட்டில்டா மெக்ஃபெயில் அம்மையார் ஒரு சிறிய மருந்தகத்தோடே ஊழியத்தைத் துவங்கினார்கள். அது வளர்ந்து 1914-இல் இராயபுரத்தில் ரெய்னி ஆஸ்பத்திரியாகத் திறக்கப்பட்டது. நூறு வருஷம் தாண்டியும் எல்லா ஜனங்களும் அதன் வாசலில் நுழைகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் எந்த மார்க்கத்தில் வளர்ந்தார்கள் என்று கணக்குப் பார்த்தா அந்த ஊழியத்தை அளப்பது?

முகம் தெரியாதவருக்குக் கொடுத்தல்

எதிர்பார்ப்பில்லாமல் கொடுக்கப் பழகவேண்டும் என்றால் இரத்ததானத்தில் ஆரம்பியுங்கள். நாம் கொடுக்கிற 350 மில்லி இரத்தம் யாருடைய உடம்பில் போகிறது என்று நமக்குத் தெரியாது. அவர் இந்துவா, இஸ்லாமியரா, நம்மோடே சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரா, தெரியாது. அவர் நன்றி சொல்ல வரவும் முடியாது. ஒன்பது பேர் அல்ல, பத்துப் பேருமே திரும்பி வராத ஊழியம் இது!

இரத்தத்தைக் காசுக்கு விற்கிற வழக்கம் ஒரு காலத்தில் நம் நாட்டில் இருந்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பினால் 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. இரத்தத்துக்கு விலை வாங்கக்கூடாது என்று தேசத்தின் சட்டமே சொல்லுகிறது. விலையேறப்பெற்ற இரத்தத்தை இலவசமாய்ப் பெற்றுக்கொண்ட நாம் இதைப் புரிந்துகொள்ளாமலிருக்கலாமா?

18 வயது முதல் 65 வயதுக்குள் இருந்து, 45 கிலோ எடையும் நல்ல சுகமும் உள்ளவர்கள் டாக்டர் சம்மதித்தால் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விடவேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியும், இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் நமக்கு அடுத்த தெருவில்தான் இருக்கின்றன. பிரசவத்தில் உதிரப்போக்கு வந்தால் ஒரு தாயைக் காப்பாற்ற நிமிஷங்கள்தான் இருக்கும்.

கைகள் தேவை

காசு இல்லாதவர்கள் "நான் என்ன செய்யமுடியும்?" என்று சோர்ந்துபோக வேண்டாம். மனு எழுதத் தெரிந்தவர்கள் தேவை. மிக்ஜாம் வெள்ளத்துக்குப்பின் அரசாங்கம் 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தபோது, ரேஷன் கார்டு இல்லாத ஏழைகள் படிவம் நிரப்பத் தெரியாமல் தவித்தார்கள். முதியோர் பென்ஷனுக்கும் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கும் அதே தவிப்புதான். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாத நோயாளியோடே ஒரு ராத்திரி இருக்கிறவர்கள் தேவை. சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாலிபர் தேவை. தனியாயிருக்கிற வயதானவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுகிறவர்கள் தேவை. மாதத்தில் ஒரு நாள் போதும், ஆனால் தவறாமல் வாருங்கள்.

இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அப்போஸ்தலர் 6-இல் சாப்பாட்டுப் பங்கீட்டில் கிரேக்க பாஷைக்காரரின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தெரிந்தெடுத்தபோது என்ன தகுதி கேட்டார்கள்? பரிசுத்த ஆவியின் நிறைவையும் ஞானத்தையும்! சோறு நியாயமாய்ப் பங்கிடுவதற்கே அபிஷேகம் வேண்டியிருந்தது. நாமோ அந்நியபாஷை பேசுகிறவரை மாத்திரம் ஆவியில் நிறைந்தவர் என்கிறோம். வரிசையின் கடைசியில் நிற்கிற பாட்டிக்கும் கிடைத்ததா என்று பார்க்கிறவரையும் அப்படியே சொல்லுவோம்.

செய்யும்போது மூன்று காரியங்களில் ஜாக்கிரதையாயிருப்போம். என்ன வேண்டும் என்று முதலில் கேட்போம். பிரசங்கம் முடியும்வரை டோக்கனோடே ஜனங்களை வெயிலில் நிறுத்தி வைக்காமலிருப்போம். பை வாங்குகிற தாயின் முகத்தைப் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போடாமலிருப்போம். அவருடைய பிள்ளைகள் நாளைக்கு அதைப் பார்ப்பார்கள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்களிடத்தில் சொல்லுங்கள். நாம் உதவி செய்தவர்களுக்காக ஜெபிப்போம். அவர்களில் ஒருவர் திரும்பி வந்தால் களிகூருவோம். வராதவர்களுக்காகவும் அதே அன்போடே மறுபடியும் அடுப்பு மூட்டுவோம். அவர்களையும் தெரிந்தேதான் ஆண்டவர் சுகமாக்கினார்.

கர்த்தர் தாமே உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!