சிறைக்கூடமும் காட்சிக்கூடமும்

பவானிபூருக்கு மேற்கே, ஆதிகங்கை என்று வங்காளிகள் வழங்கும் கால்வாயைக் கடந்தால் அலிப்பூர். 1906-ஆம் ஆண்டில் அங்கு எழுந்த மத்தியச் சிறையின் செந்நிற மதிலைப் பேருந்திலிருந்து பார்த்தவாறே நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் அலுவலகம் சென்று வந்திருக்கிறோம். 2019-இல் கைதிகள் பாருய்ப்பூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டனர். கட்டடம் செப்பனிடப்பட்டு, 2022 செப்டம்பரில் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நேதாஜியும் தேசபந்து சித்தரஞ்சன் தாசும் ஜவாஹர்லால் நேருவும் அடைபட்டிருந்த சிறையை, 1931 ஜூலையில் பத்தொன்பதே வயதான தினேஷ் குப்தா தூக்கிலிடப்பட்ட சிறையை, இன்று நம் மக்கள் உள்ளே சென்று காண்கிறார்கள்.

சென்னைக்கு இப்பேறு வாய்க்கவில்லை. 1837-இல் கட்டப்பட்ட சென்னை மத்தியச் சிறை, கைதிகள் புழலுக்குச் சென்றபின், 2009-இல் இடிக்கப்பட்டது. 1932-இல் நேதாஜியை வைத்திருந்த சிறைதான் அது. அவ்விடம் மருத்துவக் கல்லூரிக்குப் பயன்பட்டதென்பதால் நாம் அதனைப் பழிக்க வேண்டுவதில்லை. எனினும், இடித்துவிட்ட மதிலைக் காட்டி, ‘இங்கே யார் இருந்தார்?’ என்று எந்தப் பிள்ளையும் கேட்க இயலாதன்றோ?

அலிப்பூரில் கேட்கலாம். கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? விடுதலைப் போரே அக்காட்சியகத்தின் உயிர்க்கருத்து. ஆனால் அச்சிறை அந்நியர் ஆட்சியில் நின்றது 41 ஆண்டுகள். நம் ஆட்சியில் நின்றது 72 ஆண்டுகள். 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டமும் வெள்ளையரோடு கப்பலேறிவிடவில்லை. 1990-இல் இதே பவானிபூரில் ஒரு பள்ளி மாணவி கொலையுண்ட வழக்கில் தண்டனை பெற்ற குடியிருப்புக் காவலாளி ஒருவர், 2004 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்திய விடியற்காலையில், இச்சிறையிலேதான் தூக்கிலிடப்பட்டார். தாம் குற்றமற்றவர் என்றே அவர் இறுதிவரை கூறிவந்தார்.

‘தியாகியையும் திருடனையும் ஒரே கூரையின்கீழ் நினைப்பதா?’ என்று அன்பர்கள் சினக்கக்கூடும். நியாயமான சினமே. ஆயினும், நினைத்தல் வேறு, போற்றுதல் வேறு. தியாகியைப் போற்றுகிறோம். மற்றவனை நினைப்பது அவன் பெருமைக்காக அன்று. நம் பெயரால் பூட்டப்பட்ட கதவு அது என்பதற்காக. அந்நியன் பூட்டிய கதவைக் கண்டு கண்ணீர் சிந்துவது எளிது. நாம் பூட்டியதன்முன் நிற்பதற்கு வேறொரு துணிவு வேண்டும். புதுச் சுண்ணாம்பும் விளக்கொளியும் அத்துணிவைத் தருவதில்லை. சில வேளைகளில், அது தேவையே இல்லை என்று நம்மைத் தேற்றியும் விடுகின்றன.

கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்கு நமக்கெல்லாம் புனிதப் பொருள். அது அவருக்கெனச் செய்த செக்கன்று. கைதிகளைச் செக்கிழுக்க வைக்கும் முறை அங்கிருந்தமையால் அவரும் இழுத்தார். அம்முறையின்கீழ் இழுத்த ஏனையோரின் தோள்களும் நொந்திருக்கும். அவர்களை எண்ணிப் பார்த்தால் சிதம்பரனாரின் துயரம் சிறிதும் குறைவதில்லை; அவர் எத்தகைய இடத்தில் தள்ளப்பட்டார் என்பது இன்னும் தெளிவாகவே விளங்குகிறது.

கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர்களாகிய நமக்கு ஒன்று தெரியும்: சிறை என்பது கம்பியால் மட்டும் ஆனதன்று, பேரேடுகளாலும் ஆனது. வந்த நாள், எண், உயரம், அங்க அடையாளம், வழக்கு, விடுதலை நாள் என்று ஒவ்வொரு கைதிக்கும் ஒரு வரி இருந்தாக வேண்டும். காட்சியகத்தில் ஓர் அறையை 1947-க்குப் பிந்திய அவ்வரிகளுக்கு ஒதுக்கலாம். சிலையும் வேண்டா, ஒலியும் ஒளியும் வேண்டா. மேசையொன்றும் விரித்த பேரேடும் போதும். பெயர்களை மட்டும் மறைத்துவிடல் வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் இந்நகரில் எங்கேனும், ஒருவேளை நம் தெருவிலேயே, வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.