தாமதமும் ஒரு செயலே

செயல்களுக்கு நிய்யத்தே அடிப்படை என்பதை மதரஸாவில் காலடி வைக்கும் சிறுவனும் அறிவான். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பை அந்த ஹதீஸைக் கொண்டே தொடங்கினார்கள். அப்பாடத்தை நாம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், ஒன்றும் செய்யாமல் காலம் கடத்துகிறவனுக்கும் நிய்யத் உண்டா?" என்று வினவினார். மற்றவர்கள் நகைத்தார்கள். நமக்கு நகைப்பு வரவில்லை.

அன்று மாலை இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் திரும்பும்போது அக்கேள்வியும் நம்மோடு வந்தது. மேற்கே மலைத்தொடர், வழியெங்கும் மழையை நம்பிய கண்மாய்கள். வறண்டு கிடந்த அவற்றைக் கண்டதும், தமிழகத்து முதியோர் நாவில் நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது: தாது வருஷப் பஞ்சம்.

1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை ராஜதானியின் பெரும்பகுதி பசியில் வாடியது. இவ்விரு ஊர்களும் அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவும் தப்பவில்லை. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா மகாராணியாரை இந்தியப் பேரரசியாகப் பிரகடனம் செய்யும் தர்பார் டெல்லியில் கோலாகலமாக நடந்தது. அதே மாதம் வைஸ்ராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் உயர் அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பினார். பஞ்ச நிவாரணச் செலவைக் குறைப்பதே அவருக்கிடப்பட்ட பணி.

டெம்பிள் பஞ்சம் அறியாதவர் அல்லர். 1874-இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்துப் பெருந்திரளான உயிர்களைக் காத்தவரே அவர். ஆனால் அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்னும் பழிச்சொல். அந்தப் பழியோடு சென்னைக்கு வந்தவர், கல் உடைத்தும் மண் சுமந்தும் உழைத்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதுமென்று வரையறுத்தார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதத்தில் சென்னை அரசாங்கம் ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்பும் தர இணங்கியது. அந்த ஆண்டிலேயே டெம்பிள் பம்பாய் கவர்னரானார். மறு ஆண்டு லிட்டன் ஆப்கானிஸ்தான்மீது போர் தொடுத்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் அப்பஞ்சம் கொண்டுபோன உயிர்கள் ஐம்பது லட்சத்திற்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது.

உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். ஆயினும் போருக்காகக் கஜானாவைக் காக்க விரும்பிய எஜமானரையும், இழந்த நற்பெயரை மீட்கவும் பதவி உயரவும் விழைந்த ஊழியரையும் வரலாற்றாசிரியர்கள் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். காகிதத்தில் இருந்த சொற்களோ சிக்கனம், ஒழுங்கு, கொள்கை என்பவை. அறியாமையால் நேர்ந்த பிழை என்று இதை ஒதுக்கிவிடவும் வழியில்லை. காக்கும் வழி அவருக்குத் தெரியும். மூன்றாண்டுகளுக்கு முன் அவரே செய்து காட்டியது அன்றோ!

ஹிஜ்ரி 18-இல் மதீனாவையும் பஞ்சம் வாட்டியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாகாண ஆளுநர்களுக்கு எழுதித் தானியம் வரவழைத்தார்கள். மக்கள் உண்ணும்வரை நெய்யைத் தாமும் தொடவில்லை. பசியால் திருடியவனுக்குரிய தண்டனையையும் நிறுத்திவைத்தார்கள். சட்டம் அவர்களிடமும் இருந்தது. அது உயிரைக் காக்க வந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

லிட்டனையும் டெம்பிளையும் குறை கூறுவது எளிது. நாம் நம்மையும் சொல்ல வேண்டும். ஆண்டுகள் பலவற்றுக்கு முன் ஒரு பொதுநிதிக் குழுவில் நாம் பொறுப்பிலிருந்தோம். மனைவியின் பிரசவத்திற்கு அவசரச் சிகிச்சை வேண்டுமென்று ஒருவர் இரவில் வந்து கதவைத் தட்டினார். "குழு கூடட்டும், பார்ப்போம்" என்றோம். அப்படி ஒரு விதி இருந்தது உண்மைதான். அதைவிட உண்மை, முந்திய மாதம் அவர் கூட்டத்தில் நம்மை எதிர்த்துப் பேசியிருந்தார் என்பது. வேறொரு சகோதரர் அன்றிரவே தம் கைப்பணத்தைக் கொடுத்தார். தாயும் சேயும் பிழைத்தார்கள், நம்மால் அன்று.

மறுநாள் அந்த மாணவருக்கு, "ஆம், தாமதமும் ஒரு செயலே, அதற்கும் நிய்யத் உண்டு" என்று விடை கூறினோம். அதை அறிய ஒரு வழியும் சொன்னோம். "நாளை வா" என்னும்போது, அதன் உண்மைக் காரணத்தை வந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். அன்றிரவு நம்மால் சொல்லியிருக்க முடியாது.