புள்ளி வைத்தால் விட்டுவிடுகிறது

ஃபார்ம் எழுதிப் பிழைக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடாமல் இன்றே சொல்லிவிட நினைக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவு ஃபார்ம் ஒன்றை விஷுவல் பேசிக்கில் எழுதிக் கொடுத்தேன். பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், போன் நம்பர். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினால்தான் ‘சேமி’ பட்டன் வேலை செய்யும். ஒரு தகவலும் விட்டுப்போகாது என்று பெருமைப்பட்டேன். ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட் எடுக்கப் போனபோது, தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாக வெறும் புள்ளிகள். போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பத்து ஒன்பதுகள்.

கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், “என்னக்கா இது?” என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணுக்கு அப்பா பேரைச் சொல்ல இஷ்டமில்ல சார். பின்னாடி இருபது பேர் நிக்கிறாங்க. உங்க சாஃப்ட்வேர் நகர விடமாட்டேங்குது. புள்ளி வச்சா விட்டுடுது.”

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. சில்லறையை மறந்துவிட்டுப் போகிறவரை வாசல்வரை ஓடிப்போய்க் கூப்பிட்டுக் கொடுப்பவர். அப்படிப்பட்டவரை நாள் முழுக்கப் பொய் எழுத வைத்தது நான் போட்ட நான்கு வரி நிரல்.

ஃபார்ம் பொய் சொல்லக் கூடாது. தன் முன் உட்கார்ந்திருப்பவரைப் பொய் எழுத வைக்கவும் கூடாது. உள்ளீட்டுச் சரிபார்ப்பு என்ற பாடத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன், மாஸ்க், மெசேஜ்பாக்ஸ் எல்லாம் இதற்கான கருவிகள் மட்டுமே. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அதற்கான விலையைக் கொடுப்பவர் நாமாக இருக்கமாட்டோம்.

1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டைலர் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் நடந்ததை நம் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கருவியின் பெயர் தெராக்-25. கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் செய்த கதிர்வீச்சுக் கருவி. இன்றைய விண்டோஸ் ஃபார்ம் போல அல்ல, எழுத்துகள் மட்டுமே தெரியும் திரை. ஆனாலும் கட்டம் கட்டமாக நிரப்புகிற ஃபார்ம்தான். எலெக்ட்ரான் கதிருக்கு ‘இ’ என்று தட்ட வேண்டிய இடத்தில் ஆபரேட்டர் எக்ஸ்-ரேக்கு உரிய ‘எக்ஸ்’ என்ற எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேல் அம்புக்குறியால் அந்தக் கட்டத்துக்கு ஏறித் திருத்தினார். மற்றவை சரியாக இருந்ததால் என்டரைத் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் கருவி தன் காந்தங்களைச் சரிசெய்துகொள்ளச் சுமார் 8 நொடி பிடிக்கும். அந்த 8 நொடிக்குள் செய்த திருத்தத்தை உள்ளே ஓடிக்கொண்டிருந்த நிரல் கவனிக்கவில்லை. திரை எலெக்ட்ரான் என்றது. கருவியின் ஒரு பகுதி எலெக்ட்ரானுக்கும் இன்னொரு பகுதி எக்ஸ்-ரேக்கும் ஆயத்தமாகி நின்றது. நோயாளியின் உடலில் அளவுக்கு மிஞ்சிய கதிர் பாய்ந்தது.

அப்போது திரையில் வந்த செய்தி: ‘மால்ஃபங்ஷன் 54’. அவ்வளவுதான். ஆபத்தா, அற்பமா என்று தெரிந்துகொள்ளக் கையேட்டிலும் வழியில்லை. இப்படிப்பட்ட செய்திகள் அந்தக் கருவியில் அடிக்கடி வந்துபோகும்; ‘பி’ விசையைத் தட்டினால் வேலையைத் தொடரலாம். அவர் தட்டினார். மேசையில் கிடந்த மனிதர் மீது கதிர் இரண்டாவது முறையும் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார். அடுத்த மாதமே அதே மருத்துவமனையில் இன்னொரு நோயாளிக்கும் இதுவே நடந்தது, அவரும் பிழைக்கவில்லை. 1985 முதல் 1987 வரை அந்த வகைக் கருவிகளில் அளவுக்கு மிஞ்சிய கதிர் பாய்ந்த ஆறு விபத்துகள் பதிவாகியிருக்கின்றன.

இந்தக் கதையில் என்னை இன்றும் தூங்கவிடாத பகுதி ஒன்று உண்டு. டைலரில் நடந்த முதல் விபத்துக்குப் பிறகு கருவியைச் சோதித்துப் பார்த்தவர்களுக்குப் பிழை அகப்படவில்லை. இரண்டாவது விபத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அதே ஆபரேட்டரும் உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்: வேகமாகத் தட்டினால் மட்டுமே அந்தப் பிழை வரும். தொழில் கைவந்தவர் வேகமாகத்தான் தட்டுவார். அந்த வேகத்தில் யாரும் சோதித்திருக்கவில்லை. அதன்பின் நிறுவனம் உடனடியாகச் சொன்ன தீர்வு, மேல் அம்புக்குறி விசையின் தொப்பியைக் கழற்றிவிட்டு, அது வேலை செய்யாதபடி டேப் ஒட்டிவிடுங்கள் என்பது. தவறைத் திருத்திக்கொள்ளும் வழியையே அடைத்துவிடச் சொன்னார்கள். நாமும் இதையே சின்ன அளவில் செய்கிறோம். ‘எடிட்’ பட்டனைத் தூக்கிவிடு, தப்புத் தப்பாய் மாற்றுகிறார்கள் என்று எத்தனை மீட்டிங்கில் கேட்டிருக்கிறீர்கள்?

நான் என்ன கதிர்வீச்சுக் கருவிக்கா எழுதுகிறேன், பில் போடும் சாஃப்ட்வேர்தானே என்று நினைக்காதீர்கள். நீங்கள் டூல்பாக்ஸிலிருந்து இழுத்துப் போடுகிற கன்ட்ரோல்கள் இயல்பிலேயே பொய் சொல்லக் கூடியவை. டேட்டைம்பிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் இன்றைய தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதைக் காலியாக விட வழி செய்துவைப்பது உங்கள் பொறுப்பு. செய்யாவிட்டால், பிறந்த தேதி தெரியாத பாட்டி ஒருவர் இன்றைக்குப் பிறந்தவராகப் பதிவாவார். காம்போபாக்ஸில் முதல் வரியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்தால், அந்த ஊரில் பாதிப் பேர் அந்த முதல் வரியைச் சேர்ந்தவர்கள் என்றாகிவிடும். தேர்ந்தெடுத்தபின் பக்கத்தைக் கீழே தள்ள மௌஸ் சக்கரத்தை உருட்டினால், ஃபோகஸ் இன்னும் காம்போபாக்ஸிலேயே இருக்கும், தேர்வு மாறிவிடும். சத்தம் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. நியூமெரிக்அப்டவுன் இன்னும் மோசம். அதன் உச்சவரம்பு இயல்பாக 100. நர்ஸ் 250 என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், அது தானாகவே 100 ஆகிவிடும். ‘ஏற்க முடியாது’ என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏற்றுக்கொண்டதுபோல் நடித்து வேறு எண்ணை எழுதிவைக்கிறது. நர்ஸின் கண் அதற்குள் அடுத்த கட்டத்தில் இருக்கும்.

நிரலுக்குள்ளும் இதே கதைதான். சி ஷார்ப்பில் ட்ரைபார்ஸ் தோற்றால் கையில் 0 கிடைக்கும். தோற்றதா என்று பார்க்காமல் அந்த 0-வைச் சேமித்தால் குழந்தையின் எடை பூஜ்யம். விஷுவல் பேசிக்கின் வால் ஃபங்ஷன், எண்ணுக்கு நடுவில் கமா வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒன்றரை லட்சத்தை நம் வழக்கப்படி 1,50,000 என்று அழகாகக் கமா போட்டு எழுதினால் அது படிப்பது 1. அதே மொழியின் பழைய பதிப்பில் தேதியைப் படிக்கும் சிடேட், கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 13/04 என்பதை ஏப்ரல் 13 என்று தானே ஊகித்துக்கொள்ளும். 03/04 வந்தால் மார்ச் 4 ஆக்கிவிடும். சில தேதிகள் சரி, சில தவறு, ஒன்றுக்கும் புகார் வராது. இதற்கெல்லாம் மேலே, காலியான கேட்ச் ப்ளாக்! டேட்டாபேஸ் எழுத மறுத்துவிட்டது, நீங்கள் அதை விழுங்கிவிட்டீர்கள், கீழே ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று பச்சையில் வருகிறது. தயவுசெய்து அந்தக் காலி கேட்ச்சை இன்றே தேடிப்பிடித்து எடுங்கள். பதிவாகாமல் போன பில்லின் தொகையை, பில் போடுகிற பிள்ளையின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

சரி, எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை போட்டுவிட்டால் தீர்ந்ததா? 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் ஊழியர் ஒருவர் ஜே-காம் நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியிருந்தது. 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்பதாகத் தட்டிவிட்டார். திரை எச்சரித்தது. அது அடிக்கடி வருகிற எச்சரிக்கைதானே என்று அவர் தாண்டிவிட்டார். ரத்து செய்யப் பார்த்தபோது பங்குச் சந்தையின் கணினியில் இருந்த கோளாறால் ரத்தும் ஆகவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே சுமார் 14,500தான். அதைப் போல நாற்பது மடங்கை விற்கக் கேட்கும் ஆர்டர் அது. அங்கே எச்சரித்து ‘ஓகே’ கேட்பது போதாது, கதவை அடைத்திருக்க வேண்டும். நடக்கவே முடியாததைத் தடுங்கள். நடக்கக்கூடும், ஆனால் விசித்திரம் என்றால் மட்டும் கேளுங்கள். கேட்கும்போது அந்த எண்ணையே வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்கிற ஃபார்ம், படிக்காமல் என்டர் தட்டுவதற்கு விரலைப் பழக்குகிறது. உண்மையான ஆபத்து வரும் நாளிலும் விரல் அதையேதான் செய்யும்.

கட்டங்களுக்கு நாம் வைக்கும் பெயரிலும் பொய் உண்டு. 2020 ஆகஸ்டில் சிட்டி பேங்கில் ரெவ்லான் கடனுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் அனுப்ப வேண்டிய இடத்தில், கிட்டத்தட்ட 90 கோடி டாலர் வெளியே போய்விட்டது. அசல் வெளியே போகாமல் நிறுத்த, ‘பிரின்சிபல்’, ‘ஃப்ரன்ட்’, ‘ஃபண்ட்’ என்ற மூன்று கட்டங்களையும் டிக் செய்திருக்க வேண்டும். மூன்று பேர் பார்த்துச் சரி சொன்ன பரிவர்த்தனை அது. மூவருமே ‘பிரின்சிபல்’ ஒன்றைத் தொட்டால் போதும் என்று நம்பினார்கள். மூன்று பேரும் ஒரேமாதிரி தவறுகிறார்கள் என்றால் கோளாறு திரையில்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதில் நம்மவர்கள் தினமும் செய்கிற கொடுமை ஒன்று. விண்டோஸ் ஃபார்ம்ஸில் வேலிடேட்டிங் நிகழ்வில் கேன்சலை உண்மை என்று வைத்தால், தவறான கட்டத்தைவிட்டு ஃபோகஸ் நகராது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது பிரமாதமாகத் தோன்றும். ஆனால் எதிரே இருப்பவரைப் பாருங்கள். ரேஷன் கார்டு நம்பர் அவருக்குத் தெரியவில்லை, வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிறார். அதற்குள் மற்ற கட்டங்களை நிரப்பலாம் என்றால் முடியாது. ‘ரத்து’ பட்டனுக்கு காஸஸ்வேலிடேஷனைப் பொய் என்று வைக்க மறந்திருந்தால் வெளியேறவும் முடியாது. கடைசியில் ஏதோ ஒரு நம்பரைத் தட்டிவிட்டுத் தப்பிப்பார். நகர விடுங்கள். 2005-இல் வந்த டாட்நெட் 2.0 முதலே ஆட்டோவேலிடேட் என்ற பண்பு இதற்காகவே இருக்கிறது. எரர்ப்ரொவைடரின் சிவப்புக் குறியைக் கட்டத்தின் பக்கத்தில் காட்டி, என்ன செய்ய வேண்டும் என்று நல்ல தமிழில் சொல்லுங்கள். சேமிக்கும் நேரத்தில் மொத்தமாகப் பாருங்கள். எது நேர்ந்தாலும், அவர் தட்டியதை அழித்துவிடாதீர்கள். ஒரு கட்டம் தவறு என்பதற்காக முப்பது கட்டங்களைக் காலிசெய்யும் ஃபார்ம் அவருடைய உழைப்பைத் திருடுகிறது.

பெயர் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று எழுதுகிறவர்களே, உங்கள் அப்பாவின் பெயர் உங்களுக்கு இனிஷியலாகத்தானே முன்னால் நிற்கிறது? நம் வீட்டில் இல்லாத ஒன்றை நம்மிடமே கட்டாயமாகக் கேட்கிறோம். இனிஷியலுக்குப் பின் வைக்கும் புள்ளியை, எழுத்து மட்டுமே அனுமதி என்று துரத்துகிறோம். அதற்கு நீங்கள் போடும் கேர்.இஸ்லெட்டர் சோதனையில் தமிழே தேறாது என்பது தெரியுமா? யூனிகோடில் உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் எழுத்து வகையில் சேரவில்லை. மீனாட்சி என்று தட்டினால் முதல் எழுத்தின் ஈகாரக் குறியிலேயே மாட்டிக்கொள்ளும். மேக்ஸ்லெங்த் 20 என்றால் தமிழில் இருபது எழுத்து இல்லை. நாலே எழுத்துள்ள மீனாட்சி எட்டு இடம் எடுத்துக்கொள்வாள். எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான அமைப்பில் வார்கேர் என்று வைத்திருந்தால் அந்தப் பெயர் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும், திரும்ப எடுக்கவே முடியாது. என்வார்கேர் என்று மாற்றுங்கள். தன் மொழியில் தன் பெயரை எழுதிய ஒருவருக்கு ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் காட்டும் பாவத்தை நாம் செய்யக் கூடாது.

அந்த மருத்துவமனை ஃபார்மைப் பிறகு திருத்தினேன். தந்தை பெயர் கட்டாயம் என்பதை எடுத்தேன். ‘தெரியாது’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்று இரண்டு தேர்வுகளைத் தனித்தனியாக வைத்தேன், அவை வேறு வேறு உண்மைகள் என்பதால். அந்த அக்காவின் பக்கத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, அவர் விரல் எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசையில் டேப்இண்டெக்ஸை மாற்றினேன். புள்ளிகள் அத்தோடு நின்றன. ஏற்கெனவே விழுந்த புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்பதுகளாக நிற்கும் எண்ணில் யாரை அழைத்து, உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, உடனே வாருங்கள் என்று சொல்வது?

உங்கள் ஃபார்ம் இந்த நிமிடமும் ஏதோ ஒரு கவுன்ட்டரில் திறந்திருக்கிறது. எழுந்து போய் டேட்டாபேஸைத் திறங்கள். வெறும் புள்ளி, ஒற்றைக் கோடு, பத்து ஒன்பது, எடை பூஜ்யம், இன்றைய தேதியில் பிறந்த பெரியவர்கள் என்று எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, நாளைக் காலை கவுன்ட்டர் திறப்பதற்கு முன்பே போய், அங்கே தட்டுகிறவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.